புள்ளிப் பட்டியலுக்கு எக்செல் மாக்ரோ: நான்கு வருட அனுபவம்

கோண்டாவிலில் ஒரு கல்வி நிலையத்தில் நான்கு வருடமாகப் புள்ளிப் பட்டியல் போடுகிறேன். மாக்ரோ என்றால் எக்செல்லில் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல். முதலில், நாங்கள் செய்வதைப் பார்த்து அந்த நிரலைத் தானே எழுதும் மாக்ரோ ரெக்கோர்டரை ஓட விட்டு, தலைப்பைத் தடிப்பாக்கி, கோடு போட்டு, மொத்தப் புள்ளியை இறங்கு வரிசையில் அடுக்கியதைப் பதிந்து வைத்தேன். ஒரு பொத்தானில் எல்லாம் முடிந்தது, அவ்வளவு சந்தோசம்.

அடுத்த தவணை பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ரெக்கோர்டர் பதிந்தது ஏ2 முதல் எஃப்46 வரை மட்டும்தான், அதனால் அதற்குக் கீழே இருந்த பிள்ளைகள் அடுக்கப்படாமல் அப்படியே நின்றார்கள், பட்டியலும் அறிவித்தல் பலகைக்குப் போய்விட்டது. முதலாம் இடம் வரவேண்டிய பிள்ளை கடைசி நிரைகளில் கிடந்தாள். அன்றைக்கே மாக்ரோ எழுதப்படும் விபிஏ (VBA) மொழி நிரலுக்குள் போய், தாளின் அடியிலிருந்து மேலே வந்து கடைசியாக நிரப்பிய நிரையைப் பிடிக்கும் எண்ட் எக்ஸ்எல்அப், அதாவது End(xlUp), வரியைச் சேர்த்தேன். ரெக்கோர்டரில் பதிந்ததை அப்படியே பாவிக்கிறவர்கள் இதை முதலில் மாற்றுங்கள்.

இன்னொன்று, பரீட்சைக்கு வராதவர்களுக்கு ‘வரவில்லை’ என்று எழுதினால் இறங்கு வரிசையில் எழுத்து எண்ணுக்கு மேலே வரும், வராத பிள்ளை முதலாம் இடத்தில் நிற்கும். வெற்றுக் கலமோ எப்படி அடுக்கினாலும் கடைசிக்குத்தான் போகும். அதனால் வெறுமையாகவே விடுகிறேன்.

பெயர் வரிசைதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. எங்கள் பழைய பட்டியல்கள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தன. திரையில் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. பாமினியில் கொம்பை முதலில் தட்டுவதால் செல்வன், கெங்கா, தெய்வேந்திரன் எல்லாரும் ஆங்கில ‘என்’ (n) எழுத்தின் கீழ் ஒன்றாகக் குவிந்தார்கள். அ சிறிய ‘எம்’ (m), ஆ பெரிய ‘எம்’ (M), எக்செல் வழமையாக அந்த வித்தியாசத்தைப் பார்க்காது, ஆகவே அதுவும் கலந்துபோகும். எந்த மாக்ரோ எழுதியும் சரிவரவில்லை. இரண்டு கிழமை இருந்து தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் அகர வரிசை ஒழுங்காக வந்தது.

35க்குக் குறைந்த புள்ளிக்குச் சிவப்பு அடிக்கும் மாக்ரோவை இப்போது விட்டுவிட்டேன், ஏனென்றால் புள்ளியைத் திருத்தினாலும் நிறம் மாறாது. அதற்கு, புள்ளி மாறும்போது நிறத்தையும் தானாக மாற்றும் எக்செல்லின் நிபந்தனை வடிவமைப்பே (Conditional Formatting) நல்லது.

அப்புறம், மாக்ரோ ஓடினால், செய்ததைத் திரும்பப் பெறும் அன்டூ (Undo) வேலை செய்யாது. ஓட முன் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து வையுங்கள். எக்ஸ்எல்எஸ்எம் (.xlsm) வடிவில் சேமியுங்கள், வெறும் எக்ஸ்எல்எஸ்எக்ஸில் (.xlsx) சேமித்தால் மாக்ரோ நிரல் முழுவதும் போய்விடும்.