டப்ளினிலிருந்து மோஹருக்கு ஒரு நாள் பஸ் டூர்: ஓட்டுநருக்கு முழு மார்க், அட்டவணைக்குப் பாதிதான்

மூன்று வருடமாக டப்ளினில் இருந்துகொண்டு கிளிஃப்ஸ் ஆஃப் மோஹரை, அதாவது அயர்லாந்தின் மேற்குக் கடலோரம் செங்குத்தாக நிற்கும் அந்தப் பாறைச் சுவரை, பார்க்கவில்லை என்று சொல்லவே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கார் கிடையாது, வார இறுதியில் தூக்கம்தான் முக்கியம், அப்படியே தள்ளிப்போய்விட்டது. மே மாதம் திண்டுக்கல்லிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்தபோதுதான் மூன்று டிக்கெட் போட்டேன். ஆளுக்கு 60 யூரோவை ஒட்டி, பாறைக்கான நுழைவுக் கட்டணமும் அதிலேயே சேர்த்தி, சாப்பாடு நம் செலவு. கம்பெனி பெயரை எழுதவில்லை, ஏனென்றால் டப்ளினிலிருந்து கிளம்பும் பல டூர்கள் ஏறக்குறைய இதே பாதையில் இதே நேரத்துக்குத்தான் ஓடுகின்றன, நான் சொல்லப்போகும் குறை அவற்றில் நிறைய டூருக்குப் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

இந்த விமர்சனத்தில் பாதி அப்பாவுடையது. அவர் அரசு பஸ் ஓட்டுநராக 28 வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், அதில் பல வருடம் வத்தலக்குண்டு–கொடைக்கானல் மலைப்பாதை. அவரை எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் இடத்தைப் பார்ப்பதற்கு முன் வண்டியைப் பார்ப்பார்.

காலை 6.50-க்கு ஓ'கானல் தெருவில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு எங்கள் பகுதியிலிருந்து பஸ் எதுவும் ஒத்துவரவில்லை, டாக்ஸிக்கு 22 யூரோ, அதையும் டிக்கெட் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் வந்த இடத்துக்கும் வண்டி நின்ற இடத்துக்கும் ஒரு கட்டடத் தொலைவு வித்தியாசம், பலகையும் கிடையாது, பக்கத்தில் இன்னும் இரண்டு கம்பெனி வண்டிகள் வேறு, நாங்கள் முதலில் போய் வரிசையில் நின்றது வடக்கே பெல்ஃபாஸ்ட் போகிற வண்டிக்கு. இருக்கை எண் கிடையாது, முதலில் ஏறுபவர்களுக்கு முதலிடம். ஒரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: பாறையைப் பார்த்துவிட்டு கடலோரமாக வடக்கே கால்வே நகரத்துக்குப் போகிற டூராக இருந்தால் இடது பக்கம் உட்காருங்கள். ஏறும் கதவு இருக்கும் பக்கம்தான் கடல். வலது பக்கம் உட்கார்ந்தவர்கள் மதியம் முழுக்க எங்கள் தலைகளைத்தான் படம் எடுத்தார்கள்.

தனியாக வழிகாட்டி இல்லை. ஓட்டுநரே காதில் மைக்கை மாட்டிக்கொண்டு ஓட்டியபடியே பேசுகிறார். அப்பாவுக்கு இது பேரதிர்ச்சி. "ஏம்மா, ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்னு நாங்க போர்டே மாட்டி வெச்சிருந்தோம், இங்க ஓட்டுநரே பேச்சை நிறுத்த மாட்டேங்கிறாரே" என்றார். ஆனால் அரை மணி நேரம் கவனித்துவிட்டு அவரே திருத்திக்கொண்டார்: மோட்டார்வேயில், நேர் சாலையில்தான் கதை சொல்கிறார், திருப்பமோ சந்திப்போ வந்தால் வாக்கியத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டு, தாண்டியபின் விட்ட இடத்திலிருந்து எடுக்கிறார். நானும் அதன்பிறகு கவனித்தேன், உண்மைதான். நடத்துநரும் இல்லை, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவரே நடந்துபோய்த் தலை எண்ணினார்.

முதல் நிறுத்தம் மணிகால் என்ற சின்ன ஊரை ஒட்டிய மோட்டார்வே ஓய்விடம். பெயர் பராக் ஒபாமா பிளாசா. ஆமாம், நிஜமாகவே. ஒபாமாவின் அம்மா வழி முன்னோரில் ஒருவரான ஃபால்மத் கியர்னி 1850-இல் இந்த ஊரிலிருந்து அமெரிக்கா போனவர். ஒபாமா 2011 மே மாதம் இங்கே வந்துவிட்டுப் போனார், 2014-இல் இந்த பெட்ரோல் பங்கையும் கடைகளையும் அவர் பெயரிலேயே திறந்துவிட்டார்கள். மேல்மாடியில் அவரைப் பற்றிச் சின்னதாக ஒரு காட்சிக்கூடம் கூட உண்டு. அம்மா உடனே கமலா ஹாரிஸுக்காக அபிஷேகம் செய்த துளசேந்திரபுரத்தைச் சொன்னார். அதே கதைதான், இங்கே கோயிலுக்குப் பதில் பர்கர் கடை. கழிவறை சுத்தம், காபி சுமார்.

இருபது நிமிடம் எதற்கு, பத்து போதாதா என்று நான் முணுமுணுத்தபோது அப்பா போய் ஓட்டுநரிடமே கேட்டுவிட்டார், அவருடைய இங்கிலீஷும் கையசைவும் கலந்து. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம், அதை 15, 30 என்று பிரித்துக்கொள்ளலாம், ஒரு நாளில் ஓட்டும் நேரம் சாதாரணமாக 9 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, எல்லாம் ஐரோப்பிய ஒன்றிய விதி. வண்டியில் இருக்கும் டாக்கோகிராஃப் கருவி ஒவ்வொரு நிமிடத்தையும் பதிந்துகொள்கிறது. டப்ளினிலிருந்து மோஹருக்குச் சுமார் 270 கிலோமீட்டர், திரும்புவது கடலோரம் சுற்றிக்கொண்டு, ஆக ஓட்டமே எட்டு மணி நேரத்தைத் தொட்டுவிடும். அதனால் இந்த டூரில் எங்கேயாவது கூடுதலாகச் சுற்றினால் எல்லாமே இடிக்கும். இது தெரிந்தபிறகு எனக்கு எரிச்சல் பாதி குறைந்தது, மீதிப் பாதிக்கு வருகிறேன்.

லிமெரிக் பக்கத்தில் ஷானன் ஆற்றுக்கு அடியிலேயே சுரங்கப்பாதை. அயர்லாந்தின் மிக நீளமான ஆறு, நாங்கள் அதைக் கடந்ததே தெரியவில்லை, ஓட்டுநர் சொல்லித்தான் தெரியும். பிறகு என்னிஸ், லஹின்ச், லிஸ்கானர். சாலை ஒடுங்க ஒடுங்க அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மணி 10.45, பாறைக்கு வந்தாயிற்று. வந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. வெள்ளை. பனிமூட்டம் கடலிலிருந்து எழும்பி வேலி வரைக்கும் நின்றது. 214 மீட்டர் உயரப் பாறை எங்கே என்று கேட்டால் கையை நீட்டி அந்த வெள்ளையைத்தான் காட்ட வேண்டும். அப்பா மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார். "பில்லர் ராக்ஸ்ல இதே கூத்துதாம்மா. ஏங்க பாறையைக் காணோம்னு கேப்பாங்க. டிக்கெட் வாங்கிட்டீங்கள்ல, அது அங்கதான் நிக்குதுன்னு சொல்லுவேன்."

ஆனால் கண்ணுக்குத் தெரியாதது காதுக்கும் மூக்குக்கும் தெரிந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். கீழே எங்கேயோ அலை மோதும் ஓசை, அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் பறவைகள் கத்தும் ஓசை, எச்சத்தின் காட்டமான வாடை, எல்லாமே செங்குத்தாக மேலே ஏறி வருகிறது. எட்டிப் பார்க்க முடியாத ஆழம் என்பது பார்த்ததைவிட அப்படிக் கேட்டபோதுதான் வயிற்றைப் பிசைந்தது.

காத்திருக்கும் நேரத்தில் பார்வையாளர் மையத்துக்குள் போனோம். 2007-இல் திறந்தது, மலைச்சரிவுக்குள்ளேயே புதைத்துக் கட்டி மேலே புல் வளர்த்திருக்கிறார்கள், வெளியிலிருந்து பார்த்தால் புல்மேட்டில் ஜன்னல் வைத்த மாதிரி. உள்ளே காட்சிகள் பரவாயில்லை ரகம். எனக்குப் பிடித்தது வெளியே பாதையோரம் வேலியாக நட்டிருக்கும் பலகைக் கற்கள். லிஸ்கானர் கல், மேலெல்லாம் புழு நெளிந்த மாதிரி கோடுகள். நெளிந்த மாதிரி என்ன, நெளிந்ததேதான், 30 கோடி வருடத்துக்கும் முன்னால் கடலடிச் சேற்றில் ஏதோ உயிர்கள் ஊர்ந்த தடம் அப்படியே கல்லாகிவிட்டது. முக்கால்வாசிப் பேர் அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

11.40-க்குத் தெற்குப் பக்கம் முதலில் பனி கிழிந்தது. ஹாக்ஸ் ஹெட் முனை வரைக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாறை முகங்கள், அடுக்கி வைத்த மாதிரி கறுப்பும் பழுப்புமாக வரிகள். கெட்டியான மணற்பாறைக்கு இடையிடையே மென்மையான களிப்பாறை, அலை மென்மையானதைத் தின்றுவிட்டால் மேலே இருப்பது தாங்காமல் விழும், அதனால்தான் இப்படி வெட்டிய மாதிரி நிற்கிறது. வடக்கே ஓ'பிரையன் கோபுரம், 1835-இல் உள்ளூர் நிலச்சுவான்தார் கொர்னீலியஸ் ஓ'பிரையன் கட்டியது. இந்த வட்டாரத்தில் பாறையைத் தவிர மற்றதெல்லாம் அவர் கட்டியதுதான் என்று ஒரு சொலவடை உண்டு, ஓட்டுநர் அதை இரண்டு தடவை சொன்னார். கோபுரத்துக்குக் கீழே கடலில் தனியாக நிற்கும் தூணின் பெயர் பிரனான்மோர், 67 மீட்டர். மேலிருந்து பார்க்க ஏதோ உடைந்த பல் மாதிரிதான் தெரிகிறது. பஃபின் பறவைகள் ஏப்ரல் முதல் ஜூலை வரை இருக்கும், ஆனால் வெறும் கண்ணுக்குப் புல்லில் வெள்ளைப் புள்ளிகள்தான். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் பைனாகுலரைக் கொடுத்தார், அம்மா அதைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தார்.

மணி 12.15. வண்டி கிளம்ப வேண்டும். நாங்கள் வாகன நிறுத்தத்துக்கு நடக்கும்போது வானம் சுத்தமாகத் திறந்துவிட்டது, தூரத்தில் அரன் தீவுகள் மூன்றும் வரிசையாகத் தெரிகின்றன. இன்னும் அரை மணி நேரம் கொடுங்கள் என்று நாங்கள் ஏழெட்டுப் பேர் கேட்டோம். முடியாது, டூலினில் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்த நேரம் இருக்கிறது என்றார்.

என் புகார் இதுதான். காலை 7 மணியிலிருந்து இரவு 7.15 வரை நீளும் பயணத்தில், எந்த இடத்தின் பெயரைச் சொல்லி டிக்கெட் விற்றார்களோ அந்த இடத்துக்கு ஒன்றரை மணி நேரம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், கால்வே நகரத்தில் கடைத்தெருவைச் சுற்ற ஒன்றேகால் மணி நேரம். ஓட்டும் நேரத்துக்கு விதி இருக்கிறது, சரி. நிற்கும் நேரத்தை எங்கே செலவழிப்பது என்பது கம்பெனி எடுத்த முடிவுதானே? அப்பா இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "டைம்னா டைம். பனி விலகினதும் கிளம்பறோம்னா கொடைக்கானல்ல எந்த பஸ்ஸுமே கிளம்பியிருக்காது." ஓட்டுநருக்கு அது சரி அப்பா, அட்டவணை போட்டவருக்கு எப்படிச் சரி என்றேன். டூலின் வரும்வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

டூலினில் எல்லா வண்டியும் போய் நிற்கிற மாதிரி ஒரு பப். சைவத்துக்குக் காய்கறி சூப்பும் பழுப்பு சோடா ரொட்டியும், 9 யூரோ, நன்றாகவே இருந்தது, ரொட்டியில் வெண்ணெய் தாராளம். இசைக்குப் பெயர் போன ஊர் என்றார்கள், மதியம் ஒன்றரைக்கு யார் வாசிப்பார்கள்.

நான் எதிர்பார்க்காமல் போய், மனதில் மோஹரைவிட ஆழமாக நின்றது அடுத்து வந்த பர்ரன் என்ற பாறை நிலம். மலையெல்லாம் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை, கண்ணுக்கு எட்டிய தூரம் யாரோ சிமென்ட் போட்டுப் பிளந்துவிட்ட தரை மாதிரி. அயர்லாந்தை அடக்கிய ஆங்கிலேயப் படைத்தலைவர் கிராம்வெல்லின் தளபதியாக 1650-களில் வந்த லட்லோ, ஒருவனை மூழ்கடிக்கத் தண்ணீர் இல்லை, தூக்கில் போட மரம் இல்லை, புதைக்க மண் இல்லை என்று இந்த ஊரைப் பற்றிச் சொன்னாராம். அந்த ஆள் பார்த்த கோணம் அப்படி. பிளவுக்குள் குனிந்து பார்த்தால் நீல ஜென்ஷியன் பூ, பனிப்பிரதேசத்துச் செடியும் மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடியும் அடுத்தடுத்து வளர்கின்றன. மற்ற இடங்களில் மாடுகளைக் கோடையில் மலைக்கு ஓட்டுவார்கள், இங்கே குளிர்காலத்தில் ஓட்டுகிறார்கள், பாறை கோடை வெயிலை வாங்கி வைத்துக்கொள்வதாலும் மேலே தரை ஈரமில்லாமல் இருப்பதாலும். அம்மா கட்டிக்கொண்டு வந்திருந்த புளியோதரையை அந்தப் பாறையில் உட்கார்ந்துதான் பிரித்தோம், இளஞ்சூடாக இருந்தது, பாறையைச் சொல்கிறேன். இந்த நிறுத்தத்துக்கு 20 நிமிடம். கால்வேயின் ஒன்றேகால் மணியிலிருந்து அரை மணியை இங்கே கொடுத்திருக்கலாம்.

பர்ரன் சாலைதான் ஓட்டுநருக்கு உண்மையான பரீட்சை. இரண்டு பக்கமும் கல்சுவர், நடுவில் ஒன்றரை வண்டி அகலம், எதிரே வாடகைக் காரில் பதறிப்போன சுற்றுலாக்காரர். ஒரு வளைவில் எதிரே இன்னொரு டூர் பஸ்ஸே வந்துவிட்டது. ஹாரன் அடிக்கவில்லை, கண்ணாடியைப் பார்த்துச் சீராகப் பின்னால் எடுத்து, சுவருக்கு ஒரு சாண் விட்டு நிறுத்தி வழி விட்டார். "கை சுத்தம்" என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து இன்னொரு ஓட்டுநருக்கு இந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை.

கால்வேயில் கடைத்தெருவில் பாடுகிறவர்கள், மோதிரக் கடைகள், 1584-இல் கட்டிய ஸ்பானிய வளைவு, அவ்வளவுதான். மழை வேறு. திரும்பும்போது அத்லோன் பக்கத்தில் அதே ஷானனைப் பாலத்தின் மேல் கடந்தோம், காலையில் அடியில் போனதற்கு ஈடாக. டப்ளினில் இறங்கும்போது நல்ல வெயில், அம்மாவுக்கு இரவு ஏழேகால் என்று நம்பிக்கையே வரவில்லை.

கார் இல்லை, வயதானவர்கள் கூட வருகிறார்கள், ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் இந்த மாதிரி டூர் எடுக்கலாம். புக் செய்யும்போது பாறையில் எத்தனை மணி நேரம் என்று மட்டும் தேடிப் பாருங்கள், இரண்டுக்குக் குறைவாக இருந்தால் அடுத்த கம்பெனியைப் பாருங்கள். இளவட்டங்கள் ஹியூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறி கால்வே போய், அங்கிருந்து 350 எண் பஸ்ஸைப் பிடித்து, டூலினில் ஒரு இரவு தங்கிவிடுவது நல்லது, பனி இருந்தால் மறுநாள் காலை இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம். மே மாதமாக இருந்தாலும் காதை மூடுகிற தொப்பி வேண்டும், குடை வேண்டாம், அந்தக் காற்றில் குடை நிற்காது.

இறங்கும்போது ஓட்டுநர் கையில் கொடுக்க 10 யூரோ எடுத்தேன். நம்ம பணத்துக்கு எவ்வளவும்மா என்றார் அப்பா. ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் என்றேன். "டிரைவருக்கு ஆயிரமா?" என்று கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் வரிசையில் நகர்ந்தார். படிக்கட்டுக்கு வந்ததும் என் காதில் குனிந்து, "இன்னொரு அஞ்சு சேத்துக் குடு" என்றார்.