விசா மறுப்புக்கு 'அப்பீல்' போட்டுத் தருவதாகச் சொல்பவர்களிடம் கவனம் (திருகோணமலை)

அம்மாவின் கனடா விசாவுக்குத் தடை என்று வந்த கடிதத்தை நேற்று மாலை வாசித்த கோபம் ஆறுமுன் இதை எழுதுகிறேன்; ஒழுங்கு தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் அண்ணனுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோது, 67 வயதான அம்மாவுக்கு வருகையாளர் விசா கேட்டு நாங்களே விண்ணப்பித்தோம். தங்கும் காலம் முடிந்ததும் அவர் நாடு திரும்புவார் என்பதில் அதிகாரிக்குத் திருப்தி ஏற்படவில்லை என்று மறுத்திருந்தார்கள். அது பலருக்கும் வருகின்ற வழக்கமான மறுப்புத்தான் என்பது இன்று தெரிகிறது. அன்று அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த நிலையில்தான் நகரத்தில் ஒரு மாடியில் இயங்கும் விசா ஆலோசனை நிலையத்திற்கு அவரை அழைத்துச் சென்றேன்.

அங்கிருந்தவர் அம்மாவை மின்விசிறிக்குக் கீழே இருத்தி, தேநீர் வரவழைத்து, தன் தாயாரும் வெள்ளிதோறும் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போகிறவர் என்று கதைத்தார். பின்னர் கடிதத்தை ஒருமுறை புரட்டிவிட்டு, "இதுக்கு அப்பீல் இருக்குது அம்மா, ரெண்டு மாசத்தில பேரப்பிள்ளையைத் தூக்குவீங்கள்" என்றார். அம்மா அழுதுவிட்டார். அந்த ஆலோசகரின் அனுமதிப் பத்திரத்தைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. 2 இலட்சத்து 85 ஆயிரம் ரூபாய். அம்மாவின் காப்புகளை அடகு வைத்துக் கட்டினோம்.

வருகையாளர் விசா மறுப்புக்குக் கனடாவில் மேன்முறையீடே கிடையாது. புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது 60 நாட்களுக்குள் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் மீளாய்வுக்கு அனுமதி கோரலாம். இவர்களோ 100 கனடிய டொலர் கட்டணத்தில் பழைய விண்ணப்பத்தையே மீண்டும் அனுப்பியிருக்கிறார்கள். முதல் விண்ணப்பத்திற்குக் கொடுத்த கைரேகைப் பதிவே 10 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் என்றிருக்க, அதற்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகை என்று வேறு சொன்னார்கள்.

பிறகு தொடங்கியது அலைச்சல். முதல் மாதம் "ஃபைல் எம்பசியில இருக்குது." அடுத்த மாதம் "சேர் கொழும்புக்குப் போயிட்டார்." வாட்ஸ்அப்பில் நீலக்குறி விழும், பதில் வராது. ஒருநாள் அண்ணனின் சம்பளம் போதாது என்று பழியை எங்கள் பக்கமே திருப்பினார்கள்.

நேற்று அங்கேயே நின்று, வேலைக்கிருந்த தம்பியைக் கொண்டு முழு விண்ணப்பத்தையும் அச்செடுக்கச் செய்தேன். முன்னர் எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று நிரப்பியிருந்தார்கள்! இதற்கு விளக்கம் கேட்டுக் கனடாக் குடிவரவுத் துறை எழுதிய கடிதமும் வந்திருக்கிறது. விண்ணப்பம் அனுப்பிய இணையக் கணக்கில் இருந்தது ஆலோசனை நிலையத்தின் மின்னஞ்சல் முகவரி என்பதால் எங்கள் கண்ணில் படவேயில்லை. பதில் போகாததால், உண்மையை மறைத்த குற்றத்திற்கு அம்மாவுக்கு 5 ஆண்டுத் தடை. இனி அவர் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போவதென்றால் 72 வயதில்தான். இதற்காகவா 2 இலட்சத்து 85 ஆயிரம் கொடுத்தோம்? "விசா கிடைக்கும் எண்டு நாங்கள் எழுதித் தரேல்லையே" என்பதுதான் கடைசியாகக் கிடைத்த பதில்.

விரிவான ஆலோசனை எழுதும் மனநிலை இல்லை. பணம் வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பம் செய்பவர் அங்கு உரிமம் பெற்ற சட்டத்தரணியாகவோ, குடிவரவு ஆலோசகர்களுக்கு உரிமம் வழங்கும் அமைப்பான குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் உறுப்பினராகவோ இருக்க வேண்டும். உறுப்பினர் பதிவேட்டை இணையத்தில் எவரும் பார்க்கலாம். கணக்கை உங்கள் மின்னஞ்சலிலேயே திறவுங்கள். அனுப்புமுன் ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். கனடாவில் உறவினர் இருந்தால், உங்கள் சம்மதத்துடன் அவரே 5 டொலர் கட்டி அதிகாரியின் குறிப்புகளைக் கேட்டு எடுக்கலாம். மறுத்த காரணம் அதில் இருக்கும். பற்றுச்சீட்டில் எந்த வேலைக்கான பணம் என்று எழுதுவியுங்கள். எங்களுடையதில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று மட்டுமே இருப்பதை, இன்று காலை முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில் பொலிஸார் சொல்லித்தான் கவனித்தேன்.