டிசிசி முகவரி போட்டுத் தருகிறேன் என்று வருபவரிடம் பணம் கொடுக்கும் முன்

கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டு மேல்மாடியில் ஒரு மாடல் ரயில் லேஅவுட் வைத்திருக்கிறேன். எச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. கோலாலம்பூர் பழைய ஸ்டேஷன், செந்தூல் யார்டு, பத்து கேவ்ஸ் கிளைப்பாதை மூன்றும் அதில் உண்டு. 14 இஞ்சின், 32 பாயிண்ட் (ரயில் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம்). ஒன்பது வருட உழைப்பு. போன ஆகஸ்டில் இதை டிசிசி என்ற டிஜிட்டல் ஓட்டு முறைக்கு மாற்ற ஒருவரிடம் 2,800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். அந்தப் பணம் போனதைவிட, அதனால் நடந்ததுதான் என்னை எழுத வைக்கிறது.

அவர் பெயரையும் கடையையும் இங்கே போடவில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது. ஆனால் அவர் செய்த ஒவ்வொன்றையும் சொல்கிறேன். இதே வேலையை வேறு யாராவது உங்களிடம் செய்தால் உடனே அடையாளம் தெரிந்துவிடும்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. டிசிசியில் தண்டவாளம் முழுக்க எப்போதும் கரண்ட் இருக்கும். இஞ்சினுக்குள் இருக்கும் டீகோடர் தன் எண்ணைக் கூப்பிட்டால் மட்டும் ஓடும். அந்த எண்தான் முகவரி. இரண்டு இஞ்சினுக்கு ஒரே எண் என்றால் இரண்டும் சேர்ந்து ஓடும். நீங்கள் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கும்.

எனக்கு வயரிங் தெரியும், டீகோடர் பக்கம் பயம். அதனால் முகவரித் திட்டம் போட்டு, எல்லா இஞ்சினுக்கும் எழுதித் தர அவரிடம் 2,200 பேசினேன். வந்தவர் மரியாதையான பேச்சு. "அண்ணே, நீங்க கவலையே படாதீங்க" என்றார். இரண்டு நாளில் முடித்தார். எந்த இஞ்சினுக்கு எந்த எண் என்று எழுதித் தரக் கேட்டேன். "இஞ்சின் நம்பரோட கடைசி ரெண்டு எண்தான் அண்ணே, லிஸ்ட் எதுக்கு" என்றார். கேட்க எளிதாக இருந்தது, விட்டுவிட்டேன்.

இங்கேதான் கேடு. மலேசிய ரயில்வேயான கேடிஎம்மின் டீசல் இஞ்சின்களுக்கு ஐந்து இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் வகுப்பு: 20, 22, 24, 26, 29 என்று. அப்புறம் ஒரு 1. கடைசி இரண்டு அந்த வகுப்பில் எத்தனையாவது என்பது. என்னிடம் 20103-உம் இருக்கிறது, 26103-உம் இருக்கிறது. கடைசி இரண்டை எடுத்தால் இரண்டுக்கும் 3. போதாததற்கு, இஞ்சினுக்கான புது டீகோடர் அநேகமாக எல்லாமே தொழிற்சாலையிலிருந்து 3 என்ற முகவரியோடுதான் வரும். அந்த எண்ணை ஒரு இஞ்சினுக்கு நிரந்தரமாகக் கொடுக்கவே கூடாது என்பது டிசிசியில் அரிச்சுவடி. காசு வாங்கிக்கொண்டு வேலை செய்பவருக்கு அது தெரியாமல் இருக்க முடியாது.

அடுத்தது பாயிண்ட். "இஞ்சினுக்குக் கொடுத்த எண்ணை பாயிண்டுக்குக் கொடுத்தா மோதும், பிரிக்க ஒரு பாக்ஸ் வேணும்" என்று சொல்லி 600 வெள்ளி தனியாக வாங்கினார். சுத்தப் பொய். பாயிண்டுகளுக்குப் போகும் கட்டளை வேறு வகைத் தகவல் பொட்டலம். இஞ்சின் 5-உம் பாயிண்ட் 5-உம் ஒரே தண்டவாளத்தில் சண்டை இல்லாமல் இருக்கும். பாயிண்டுக்கு மட்டும் தனியாக 2,000-க்கும் மேல் முகவரி உண்டு. அந்த பாக்ஸைப் பிறகு திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு சிறிய எல்இடி, ஒரு ரெசிஸ்டர், இரண்டு வயர். விளக்கு எரிவதைத் தவிர அது ஒன்றும் செய்யவில்லை.

தீபாவளி அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். என் அத்தை மகன் அப்போதுதான் வாங்கிய இஞ்சினைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தான். புது டீகோடர், முகவரி 3. மக்கள் போய்வர வாசல் பக்கம் இருக்கும் தூக்குப் பாலத்தை எடுத்து வைத்திருந்தோம். பாலத்துக்கு முந்தின தண்டவாளத்தில் 20103 நின்றுகொண்டிருந்தது. அவன் 3-ஐ அழுத்தி மெல்லத் திருகினான். அவன் இஞ்சின் நகர்ந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் 20103 நகர்ந்தது யாருக்கும் கேட்கவில்லை. டைல்ஸ் தரையில் விழுந்த சத்தம்தான் கேட்டது.

அப்பா 20-ஆம் வகுப்பு இஞ்சினில் டிரைவராக இருந்தவர். 1957-இல் வந்த இஞ்சின்கள் அவை. எத்தனையோ இரவு ஷிஃப்ட் முடித்து டீசல் வாசத்தோடு வீட்டுக்கு வருவார். அவர் போன பிறகு, அந்த வகுப்பு கடையில் கிடைக்காததால், பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டி நானே கட்டியது அது. இஞ்சினின் மேல்கூண்டு மூன்றாகப் பிளந்திருந்தது. மோட்டார் தப்பித்தது.

அன்று இரவே முகவரியை மாற்ற உட்கார்ந்தேன். புரோகிராமிங் டிராக்கில், அதாவது டீகோடரில் எழுதவும் படிக்கவும் தனியாக ஒதுக்கிய தண்டவாளத்தில், வைத்து எழுதினால் டீகோடர் வாய் திறக்கவே இல்லை. வயரிங் பார்த்தேன், சரி. இன்னொரு இஞ்சினை வைத்தேன், அதுவும் அப்படியே. ஒன்பது இஞ்சின் இப்படி. அவருக்கு போன் போட்டேன். "அது லாக் போட்டது அண்ணே, பாதுகாப்புக்கு. திறக்க ஒரு இஞ்சினுக்கு 80 வெள்ளி" என்றார். என் இஞ்சின், என் டீகோடர், நான் கேட்காமலே போட்ட பூட்டு. திறக்க 720 வெள்ளி. அந்த இடத்தில்தான் இது அறியாமை இல்லை, திட்டம் போட்டது என்று எனக்குப் புரிந்தது.

பட்டர்வொர்த்தில் இருக்கும் நண்பர் ஒருவர் போனிலேயே விளக்கினார். டீகோடருக்குள் அமைப்புகளை எழுதிவைக்கும், எண் போட்ட இடங்கள்தான் சிவி. சில டீகோடர்களில் சிவி 15, சிவி 16 என்று இரண்டு இடங்கள் உண்டு. இரண்டிலும் ஒரே எண் இருந்தால்தான் டீகோடர் மற்ற சிவிகளை மாற்ற விடும். வேறு வேறு என்றால் பூட்டு. ஒரே இஞ்சினில் மோட்டாருக்கு ஒரு டீகோடர், சத்தத்துக்கு ஒன்று என்று இருக்கும்போது தனித்தனியாக எழுதுவதற்காக வைத்த நல்ல வசதி அது. பூட்டியிருந்தாலும் சிவி 15-ஐ மட்டும் எழுத முடியும். ஆகவே அதில் 1, 2, 3 என்று ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொரு தடவையும் வேறொரு சிவியைப் படிக்கச் சொன்னேன். 7-இல் பதில் வந்தது. ஒன்பதுக்கும் அதே 7. இரவு இரண்டு மணிக்கு எல்லாம் திறந்துவிட்டது, ஒரு காசு செலவில்லாமல்.

பிறகு திட்டத்தை நானே போட்டேன். கேடிஎம் எண்ணில் நடுவில் இருக்கும் 1-ஐ மட்டும் எடுத்துவிட்டால் போதும். 20103 என்பது 2003. 24101 என்பது 2401. 26103 என்பது 2603. எந்த வகுப்பும் எதோடும் மோதாது, இஞ்சின் பக்கவாட்டைப் பார்த்தே முகவரி சொல்லிவிடலாம். கடைசி நான்கு இலக்கம் எடுக்கலாமே என்று கேட்பார்கள். 20103-க்கு அது 0103, அதாவது 103. டீகோடரில் சின்ன முகவரி, பெரிய முகவரி என்று இரண்டு வகை. 127 வரை சின்ன முகவரியாகவும் எழுதலாம், பெரிய முகவரியாகவும் எழுதலாம். ஒரு சிஸ்டம் 103-ஐ ஒன்றாகவும் இன்னொன்று வேறாகவும் எடுத்துக்கொள்ளும். நண்பர் வீட்டுக்கு இஞ்சினைக் கொண்டுபோனால் தலைவலி.

பெரிய முகவரி சிவி 17, 18 இரண்டிலும் சேர்ந்து உட்காரும். 2401-ஐ 256-ஆல் வகுத்தால் ஈவு 9, மீதி 97. ஈவோடு 192 கூட்டினால் 201. ஆக 17-இல் 201, 18-இல் 97. சிவி 29-இல் 32 கூட்டினால்தான் அந்த முகவரி வேலை செய்யும். பலர் இதை விட்டுவிட்டு டீகோடர் கெட்டுப்போனது என்று நினைக்கிறார்கள்.

பாயிண்டுகளை இடம் பார்த்துப் பிரித்தேன். செந்தூல் யார்டு 101-லிருந்து, கோலாலம்பூர் ஸ்டேஷன் 201-லிருந்து, பத்து கேவ்ஸ் 301-லிருந்து. பாயிண்ட் டீகோடர்கள் பலவும் நான்கு நான்காக எண் எடுக்கும்: 1, 5, 9 என்று தொடங்கும். 101, 201, 301 மூன்றும் அந்த வரிசையில் விழுகின்றன. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி லேஅவுட்டுக்குக் கீழே ஆணியில் மாட்டியிருக்கிறேன். 3 என்ற வரிக்கு எதிரே "காலி, யாருக்கும் கிடையாது" என்று சிவப்பு மையில்.

இவரைப் போன்ற ஒருவரிடம் ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டவர்கள், மீதியைக் கொடுக்கும் முன் உங்கள் கண் முன்னால் ஒவ்வொரு இஞ்சினையும் புரோகிராமிங் டிராக்கில் வைத்து முகவரியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பூட்டு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். எழுத்தில் பட்டியல் தராதவரிடம் மீதியைக் கொடுக்காதீர்கள். ரசீது தராவிட்டால் பேங்க் வழியாக மட்டும் அனுப்புங்கள்.

நான் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போட்டுவிட்டேன். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். வாட்சாப் செய்திகள், பேங்க் பதிவு, திறந்த பாக்ஸ், பிளந்த கூண்டு நான்கையும் எடுத்துப் போகிறேன். அடுத்த மாதம் விசாரணை. 20103-க்குப் புதுக் கூண்டு வெட்ட ஆரம்பித்திருக்கிறேன், இந்த வாரம் முன்பக்கக் கண்ணாடிச் சட்டம் வரை வந்திருக்கிறது.