ஓடும்போதே உருவுவதா, அணைத்துவிட்டு எடுப்பதா?

கும்பகோணம், மாயவரம் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்களில் நான்கு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியே எல்லாக் கணினிகளும் பகிரும் சேமிப்புப் பெட்டி) இப்போது சகஜம். அதில் ஒரு டிஸ்க் படுத்துவிட்டால், பெட்டி ஓடும்போதே உருவி மாற்றலாம். ஷட்டவுன் செய்துவிட்டும் மாற்றலாம்.

அணைப்பதுதான் பத்திரம் என்று பலரும் சொல்வார்கள். ஹாட் ஸ்வாப், அதாவது ஓடும்போதே மாற்றும் வசதியுள்ள பெட்டியில் எனக்கு அதில் சம்மதமில்லை. வருடக்கணக்கில் நிற்காமல் சுற்றிய பழைய டிஸ்க்குகளை நிறுத்தினால், திரும்பக் கிளப்பும்போது இன்னொன்று மக்கர் செய்யலாம். தரவைப் பல டிஸ்க்குகளில் பிரித்து வைக்கும் ரெய்ட் 5 முறை, ஒரு டிஸ்க் போனால் தாங்கும். இரண்டாவதும் போனால் சீசன் முகூர்த்தம் மொத்தமும் போச்சு. தவிர, அணைத்த பெட்டியில் எந்த டிஸ்க் பழுது என்று காட்டும் விளக்கும் எரியாது.

ஓடும்போது உருவுவதில் ஒரே பெரிய ஆபத்து, நல்ல டிஸ்க்கை உருவிவிடுவது. அதனால் முதலில் பேக்கப்பைச் சரிபாருங்கள். மென்பொருளில் பழுதான டிஸ்க்கின் சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைச் செயலிழக்கச் செய்து, அதன் விளக்கைச் சிமிட்ட வையுங்கள். அப்புறம் ட்ரேயை ஒரு விரற்கடை மட்டும் இழுத்து அரை நிமிடம் விடுங்கள். உள்ளே தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்; அதிர்வு கையிலேயே தெரியும். அது அடங்கியதும் முழுசாக எடுத்து, லேபிளில் உள்ள எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரட்டை பவர் சப்ளை உள்ள பெரிய பெட்டிகளிலும் இதே வழிதான்: மற்றதன் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு உருவலாம். ஆனால் மாற்று கையில் வரும்வரை பழையதை எடுக்காதீர்கள், காலி ஓட்டை குளிர்காற்றின் பாதையைக் கெடுக்கும்.

ராம் (நினைவகம்), உள்ளே திருகிய எம்.2 (சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டி), ஒற்றைக் கன்ட்ரோலர் (டிஸ்க்குகளை இயக்கும் பாகம்) என்றால் பேச்சே இல்லை. அணைத்து, வயரையும் பிடுங்கிவிட வேண்டும். மின்வாரியம் மாதப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாள் இதற்குத் தோது. பெட்டி எப்படியும் சும்மாதான் கிடக்கும்.

டிஸ்க் மாற்றத்துக்கு அதே நாள் எமன். மாற்றிய 8 டெராபைட் டிஸ்க்கில் தரவைத் திரும்ப நிரப்ப ஒரு நாள்கூட ஆகலாம். யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அறிவிப்பே இல்லாமலும் கரண்ட் போகும். யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி வயரை நாஸில் செருகி வையுங்கள், பேட்டரி தீருமுன் பெட்டி தானாகவே ஒழுங்காக அணையும்.