முதல் தலைமுறை போர்ஷே கயென்: முகம் சுமார், அடித்தளம் அபாரம்

2002-ல் கயென் வந்தபோது, போர்ஷேயின் 911 ஸ்போர்ட்ஸ் கார் ரசிகர்கள் முகம் சுளித்தது நியாயம்தான். தாழ்வான ஸ்போர்ட்ஸ் காருக்கு வரைந்த ஹெட்லைட்டையும் சரிவான பானெட்டையும் உயரமான எஸ்யூவி உடம்பில் ஒட்டினால் முகம் உப்பித்தான் தெரியும். ஃபோக்ஸ்வாகன் டூவாரெக்குடன் அடித்தளத்தோடு கதவுகளையும் பகிர்ந்ததால், பக்கவாட்டில் வடிவமைப்பாளருக்குப் பெரிய சுதந்திரம் இல்லை. 2007 மாற்றத்தில் விளக்குகளைத் திருத்தியதும் பார்வை ஓரளவு தேறியது.

ஓட்டினால் குறை மறந்துவிடும். 2007 மாற்றத்துக்கு முந்தைய கயென் எஸ் மாடலில் 4.5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்), 340 குதிரைத்திறன், டர்போ மாடலில் 450. இரண்டு டன்னுக்கு மேல் எடையிருந்தும் வளைவில் தள்ளாடாது. கரடுமுரடான பாதைக்கு லோ ரேஞ்ச் கியரும் (மெதுவாக, அதிக இழுவிசையோடு நகர உதவுவது) உண்டு (2010-ல் வந்த அடுத்த தலைமுறையில் அதை எடுத்துவிட்டார்கள்).

பழைய வண்டி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது 4.5 லிட்டர் வி8-இன் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குழாய்கள். இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், இன்ஜின் சூட்டிலேயே கிடக்கும் பிளாஸ்டிக் குழாய்கள் அவை. நாளடைவில் நொறுங்கி ஒழுகும். கூலன்ட் அளவு காரணமில்லாமல் குறைந்தால் சந்தேகப்படுங்கள். அலுமினியக் குழாய் போட்டாச்சா என்று பில்லோடு கேளுங்கள். மேனிஃபோல்டைக் கழற்றித்தான் மாற்ற முடியும், அதனால் கூலிதான் அதிகம்.

அடுத்தது, பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் நீளமான தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நடு பேரிங். அதைத் தாங்கும் ரப்பர் கிழிந்தால், வேகமெடுக்கும்போது தரைக்கடியில் 'தட் தட்' என்று அடிக்கும். கியர்பாக்ஸ் போச்சு என்று யாராவது பயமுறுத்தினால் முதலில் இதைப் பாருங்கள்.