பன்னிரண்டு பேர், இரண்டு இரவு: போர்ட்டிக்சனா, பத்து பெரிங்கியா?

கோலாலம்பூரிலிருந்து பன்னிரண்டு நண்பர்கள். வெள்ளி மாலை வேலை முடிந்து கிளம்பி ஞாயிறு திரும்புகிற கணக்கு. கடல் பக்கத்தில் இருக்க வேண்டும், எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். வாட்சப் குழுவில் இதைப் போட்டதும் கட்சி இரண்டாகிவிடும்: "பினாங்கு போய் எவ்வளவு நாளாச்சு" என்று ஒன்று, "பக்கத்துல போர்ட்டிக்சன் இருக்கே" என்று இன்னொன்று. இரண்டு இரவுதான் என்றால் போர்ட்டிக்சன். மூன்று நான்கு இரவு கிடைத்தால் பேச்சு மாறும், அதைப் பிறகு பார்ப்போம்.

தூரம் எல்லாருக்கும் தெரிந்ததே. பினாங்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். வெள்ளி இரவு கிளம்பினால் படுக்கையைத் தொட நள்ளிரவு தாண்டிவிடும். பாலம் ஏறியதோடு பயணமும் முடிந்துவிடாது. ஜார்ஜ்டவுனிலிருந்து தஞ்சோங் பூங்கா வழியாக, கடற்கரை விடுதிகள் இருக்கும் பத்து பெரிங்கிக்குப் போகும் கடலோரச் சாலை குறுகலானது, வளைவுகள் அதிகம், சனிக்கிழமை மாலையில் ஊர்ந்துதான் போக முடியும். போர்ட்டிக்சன் சுமார் 100 கிலோமீட்டர். சிரம்பானில் திரும்பி போர்ட்டிக்சன் நெடுஞ்சாலையைப் பிடித்தால் சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரம்.

ஆனால் தூரத்தைவிடப் பெரிய காரணம் வேறு. பினாங்கில் வீட்டுக்குள் யார் இருப்பார்கள்? காலையில் நாசி கண்டார், மத்தியானம் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு, இடையில் செண்டோல், மாலையில் கர்னி டிரைவ், இரவில் பெரிங்கி இரவுச் சந்தை. வாடகை கொடுத்த பங்களா நாள் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். தூங்க மட்டும் வருவதற்கு முழு வில்லா எதற்கு? பினாங்குக்கு ஹோட்டல் அறைகளே போதும். போர்ட்டிக்சனில் வெளியே இழுக்க அவ்வளவு இல்லை. தெலுக் கெமாங் கடற்கரை, தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம் வரை ஒரு நடை, இரவில் ஈக்கான் பக்கார் (சுட்ட மீன்). மற்ற நேரமெல்லாம் வீடுதான். கொடுத்த வாடகை அங்கேதான் செரிக்கும்.

கடலை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. இரண்டுமே மலாக்கா நீரிணைதான், படத்தில் வருகிற நீலத்தை எதிர்பார்க்க வேண்டாம். போர்ட்டிக்சனில் நீர் இறங்கும்போது சேறும் பாறையும் வெளியே தெரியும். அலை அட்டவணை பார்த்து நீர் ஏறும் நேரத்தில் இறங்குவதே நல்லது. பினாங்கின் வடகரையில் ஜெல்லிமீன் தொல்லை உண்டு, பெட்டி ஜெல்லிமீனும் அதில் சேர்த்தி. அது கொட்டினால் நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, தேய்க்கவும் கூடாது. வினிகர் ஊற்றிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

கடல்மேல் கால் ஊன்றிக் கட்டிய விடுதிகளும் போர்ட்டிக்சனில் உண்டு, அறைக்கு ஒரு குட்டிக் குளத்தோடு. தம்பதிகளுக்கு அருமை. பன்னிரண்டு பேருக்கு அது ஆறு தனித்தனிக் கதவுகள், சேர்ந்து உட்கார ஒரு கூடம் இருக்காது.

ஆகவே தரைவீடு. ஆனால் கடலில் குளிக்கும் நேரம் குறைவு என்பதால், எந்த வீடு என்பதை முடிவு செய்வது அதன் நீச்சல் குளம்தான். படுக்கை விரிப்பும் கரோக்கேயும் அப்புறம்.

"வில்லா" என்ற பெயரில் கிடைப்பவற்றில் பல, தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதிக்குள்) இருக்கும் வரிசை வீடுகள். கார் நிறுத்தும் இடத்தைத் தோண்டித் தொட்டி கட்டியிருப்பார்கள். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் என்றால் 21,600 லிட்டர் தண்ணீர். 25-க்கு 10 மீட்டர் ஹோட்டல் குளத்தில், அதே ஆழத்தில், 3 லட்சம் லிட்டர். அந்தச் சின்னத் தொட்டியில் பன்னிரண்டு பேர் இறங்குவது, ஹோட்டல் குளத்தில் ஏறக்குறைய 167 பேர் ஒன்றாக இறங்குவதற்குச் சமம். வெள்ளி இரவு பளிங்குபோல இருந்த தண்ணீர் ஞாயிறு காலையில் பாசி நிறத்துக்கு மாறுவது இதனால்தான். வேர்வையும் சன்ஸ்கிரீனும் குளோரினைத் தின்றுவிடும். வெயில் மிச்சத்தைக் கரைக்கும். இரவு மழை நீர்க்கச் செய்து, கூடவே இலையையும் மண்ணையும் கொண்டுவந்து போடும். நம்மவர் தலையில் இருக்கும் தேங்காய் எண்ணெயையும் மறக்க வேண்டாம். நீர்மட்ட ஓட்டில் பிசுபிசுவென்று ஒரு வளையம் கட்டியிருந்தால், முந்தைய கூட்டத்தின் எண்ணெய் இன்னும் போகவில்லை என்று பொருள். இறங்குமுன் சோப்புப் போட்டு ஒரு குளியல் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வீட்டுக்குள் போனதும் பைகளை இறக்குமுன் குளக்கரைக்குப் போங்கள். அடியில் இருக்கும் வடிகால் மூடியின் துளைகள் கரையிலிருந்தே தெளிவாகத் தெரிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் யாரும் இறங்க வேண்டாம். மூடி உடைந்திருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ அது இன்னும் ஆபத்து. பம்ப் இழுக்கும் வேகத்தில் தலைமுடி மாட்டிக்கொள்ளும், குழந்தையின் கை மாட்டிக்கொள்ளும். அடுத்தது சோதனைத் தாள். குளச் சாமான் கடையில் கிடைக்கும். தண்ணீரில் முக்கி எடுத்து, சில நொடியில் நிறத்தை டப்பாவோடு ஒப்பிட்டால் போதும். பிஎச் (அமில-கார அளவு) 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில், குளோரின் 1-க்கும் 3 பிபிஎம்-க்கும் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு) நடுவில் இருக்க வேண்டும். மூக்கைத் துளைக்கும் "குளோரின் வாடை" அடித்தால் சுத்தமான தண்ணீர் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மை தலைகீழ்: வேர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து வேலை செய்து ஓய்ந்துபோன குளோரினின் வாடை அது. "எங்களுடையது உப்புத்தண்ணீர்க் குளம், குளோரினே கிடையாது" என்று உரிமையாளர் பெருமையாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம். அந்த உப்பிலிருந்து கருவி தயாரிப்பதே குளோரின்தான்.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "பம்ப் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது?" வீட்டுக் குளத்தின் தண்ணீர் முழுவதும் வடிகட்டியைக் கடந்து வர வழக்கமாக 6 முதல் 8 மணி நேரம் பிடிக்கும். மின்கட்டணத்துக்குப் பயந்து டைமரில் மூன்று மணி நேரம் மட்டும் ஓட விட்டால் பாதித் தண்ணீர் வடிகட்டியின் முகத்தையே பார்த்திருக்காது. நாம் தங்கும் இரண்டு நாளும் இடைவிடாமல் ஓடட்டும் என்று வாட்சப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். சனி காலை பராமரிப்பு ஆள் வருவாரா என்றும் கேளுங்கள். 21,600 லிட்டரில் குளோரினை 1 பிபிஎம் ஏற்ற, 65 சதவீதக் குளோரின் தூள் 33 கிராம் போதும். அவருக்கு அது ஐந்து நிமிட வேலை. நீங்களே போட வேண்டாம். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. கூரைத் தொட்டி எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். ஆளுக்கு 100 லிட்டர் என்றாலே நாளைக்கு 1,200. மது, பன்றி இறைச்சி கூடாது என்று பல வீடுகளில் விதி உண்டு. ஆட்டிறைச்சியை பிரிக்பீல்ட்ஸிலேயே வாங்கி மசாலா தடவி, ஐஸ் பெட்டியில் கொண்டுபோவது சுலபம். வாட்டுவதற்கு ஆளுக்குக் கால் கிலோ கோழி, மொத்தம் 4 கிலோ கரி. கரி வெள்ளைச் சாம்பல் பூக்க அரை மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு தீ நாக்கில் வைத்தால் தோல் கருகி உள்ளே ரத்தம் நிற்கும்.

நான்கு இரவு கிடைத்தால் பினாங்கு போங்கள். இடிஎஸ் என்ற மின்சார விரைவு ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி, ஜெட்டியில் 101-ஆம் எண் பேருந்து. கார் கவலை இல்லை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மட்டும் மழைக்குத் தயாராக இருங்கள்.

போர்ட்டிக்சனில் டெப்பாசிட் தகராறு பெரும்பாலும் குளத்தில்தான் தொடங்கும். தண்ணீர் பச்சையானால் பழி கடைசியாகத் தங்கியவர் தலையில் விழும். சாவி வாங்கியதும் குளத்தின் அடித்தளம் தெரிகிற மாதிரி ஒரு காணொளி, பக்கத்தில் சோதனைத் தாளோடு ஒரு படம், இரண்டையும் அப்போதே உரிமையாளருக்கு அனுப்பிவிட்டு இறங்குங்கள்.