ராமலிங்க விலாசம்: ஆயுதப் பெட்டிக்கு முன்னால் சுவரைப் பாருங்கள்

துப்பாக்கியும் குண்டும் செய்கிற இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று என் அக்கா மகனுக்கு ரொம்ப நாளாக ஆசை. திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது, நீலகிரியில் அருவங்காட்டில் 1904லிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை ஓடுகிறது. ஆனால் அதெல்லாம் நம்மைப் போன்றவர்கள் நினைத்தவுடன் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வரக்கூடிய இடங்கள் அல்ல. அதனால் ராமேஸ்வரம் போகும் வழியில் ராமநாதபுரம் அரண்மனைக்கு, அதாவது இப்போது அருங்காட்சியகமாக இருக்கிற ராமலிங்க விலாசத்துக்கு, அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆயுதங்களில் ஆர்வம் இருக்கிற யாருக்கும் இந்த ஜில்லாவில் இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் கருத்து. ஒரே ஒரு விஷயம், உள்ளே பார்க்கும் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

எல்லோரும் நேராகக் கண்ணாடிப் பெட்டிகளுக்குத்தான் போகிறார்கள். வாள், ஈட்டி, வளரி என்கிற வளைந்த எறி ஆயுதம், பழைய துப்பாக்கி, எல்லாம் அங்கே இருக்கின்றன. ஒரு பார்வை பார்த்துவிட்டு "அவ்வளவுதானா" என்று திரும்பிவிடுகிறார்கள். ஆயுதம் தனியாகக் கிடந்தால் அது ஒரு இரும்புத் துண்டுதான். யார் பிடித்தார், எந்தக் கையில் பிடித்தார், பக்கத்தில் யார் நின்றார், எதிரே என்ன வந்தது என்பதெல்லாம் தெரிந்தால்தான் அது ஆயுதம். அதைச் சொல்வது அங்கே இருக்கிற சுவர்கள். முதலில் சுவரை நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு அப்புறம் பெட்டிக்கு வாருங்கள்.

கட்டடத்தைக் கட்டியவர் கிழவன் சேதுபதி, ராமநாதபுரம் சீமையை 1710 வரை ஆண்ட மன்னர். கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவருக்கு நெருங்கிய நண்பர், கோட்டையும் அரண்மனையும் எழும்பியதில் அவர் கையும் உண்டு என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். வெளியிலிருந்து பார்க்கும்போது பெரிய அலங்காரம் ஒன்றும் தெரியாது, கனத்த சுவர்தான். படியேறி உள்ளே போனால் பெரிய தூண்கள் நிற்கிற மகாமண்டபம், அதற்கு அப்பால் ராமர் பீடம் இருக்கிற அறை, கோயிலுக்குள் போவது போலவே ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். சுவர் ஓவியங்கள் அதற்கு அடுத்த தலைமுறை, முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் வரைந்தவை. அவர் ஆட்சி 1713லிருந்து 1725 வரை. ராமாயணம் இருக்கிறது, பாகவதம் இருக்கிறது, ராஜராஜேஸ்வரி மன்னருக்குச் செங்கோல் கொடுக்கிற காட்சி இருக்கிறது, மாடியில் மன்னரின் அந்தரங்க வாழ்க்கையும் இருக்கிறது. எல்லாமே பார்க்க வேண்டியவைதான், ஆனால் நான் இங்கே சொல்ல வருவது போர்க் காட்சியைப் பற்றி.

தஞ்சாவூர் மராட்டிய மன்னர் சரபோஜியின் படையோடு சேதுபதி படை மோதுகிற காட்சி அது. இந்தச் சரபோஜி வேறு, சரஸ்வதி மகால் நூலகத்தோடு நாம் சேர்த்துச் சொல்கிற சரபோஜி அவருக்கு நூறு வருஷம் பிந்தியவர், குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தச் சுவரில் வாளும் ஈட்டியும் குதிரையும் மட்டுமல்ல, துப்பாக்கியும் பீரங்கியும் வந்துவிட்டன. அதாவது 1720 வாக்கிலேயே இந்தக் கடற்கரைச் சீமையில் வெடிமருந்து சாதாரணமாகப் புழங்கிய பொருள். வெள்ளைக்காரன் வந்துதான் நம் ஊருக்குத் துப்பாக்கியைக் காட்டினான், நம்மாட்கள் வெறும் வேலும் கம்பும் வைத்துக்கொண்டு நின்றார்கள் என்று பேசுகிறவர்களை இந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஐரோப்பியர்கள் மன்னரைப் பார்க்க வந்து நிற்கிற காட்சியும் அங்கேயே இருக்கிறது, அதையும் விடாதீர்கள்.

இப்போது பெட்டிக்கு வருவோம். பையன் கேட்ட முதல் கேள்வியே, "மாமா, இதுல தோட்டா எங்க போடுவாங்க?" நல்ல கேள்வி. நாம் சினிமாவில் பார்க்கிற பித்தளைத் தோட்டா அந்தக் காலத்தில் கிடையாது. திருவிழாவில் அதிர்வேட்டு போடுகிறவர் இரும்புக் குழாயில் மருந்தைக் கொட்டி இடித்துக் கெட்டிப்பாரே, கிட்டத்தட்ட அதே வேலைதான் என்று சொன்னதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து இறக்க வேண்டும். குழலின் அடியில் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை, அதற்கு வெளியே சிட்டிகை மருந்து, அதில் கனன்றுகொண்டிருக்கிற திரி வந்து தொட்டால் வெடிக்கும். மருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், மரக்கரி மூன்றும்தான், நூற்றில் சுமார் 75 பங்கு வெடியுப்பு. ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றினால் குண்டு தயார். ஆக, குண்டுத் தொழிற்சாலை என்று தனியாக ஒரு கட்டடம்கூடத் தேவையில்லை, ஒரு அடுப்பும் ஓர் அச்சும் போதும்.

அப்படியானால் துப்பாக்கி வந்த பிறகும் வளரி எதற்கு? இதை யோசிக்க ராமநாதபுரம்தான் சரியான இடம். ஐப்பசி கார்த்திகையில் இந்தப் பக்கம் மழை பிடித்தால் திரி அணைந்துவிடும். சுத்தமில்லாத வெடியுப்பு காற்றிலுள்ள ஈரத்தையே இழுத்துக்கொள்ளும், அதுவும் கடற்காற்று. வளரிக்கு இந்தக் கவலை ஒன்றும் இல்லை. பெட்டிக்குள் அதை நன்றாக உற்றுப் பாருங்கள், பிறை போல வளைந்திருக்கும், ஒரு முனை மெலிந்தும் மறுமுனை கனத்தும் இருக்கும். மெலிந்த முனையைப் பிடித்துத் தோளுக்கு மேலே சுழற்றி வீசுவார்கள், கனத்த பக்கம் முன்னால் பாயும். மரத்திலும் செய்தார்கள், இரும்பிலும் செய்தார்கள், தந்தத்தில் செய்ததும் உண்டு. வீசினால் திரும்பக் கைக்கு வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம். வேட்டையில் மானின் காலையோ போரில் குதிரையின் காலையோ அடித்து வீழ்த்த வேண்டிய ஆயுதம் அடித்த இடத்தில்தான் விழும். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் அதே வெல்ஷ் மருதுவுக்கு எதிரான படையில் வந்தார். அதைப் படித்த பிறகு அந்தப் பெட்டியைச் சும்மா கடந்துபோக என்னால் முடியவில்லை.

1772ல் ஆற்காடு நவாப் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து இந்தக் கோட்டையைப் பிடித்தன. 1795ல் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறை வைத்தார்கள், 1809ல் சென்னையில் சிறையிலேயே இறந்தார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, அந்த டிசம்பரில் பாளையத்து மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கம்பெனி உத்தரவு போட்டது. ஆண்டாண்டு காலமாக வீட்டுக்கு வீடு இருந்த வளரி நமக்கு இன்று கண்ணாடி வழியாகப் பார்க்கிற பொருளாகிப் போனதற்கு இதெல்லாம் காரணம், பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுங்கள்.

இந்தக் கரையில் வெடிமருந்துக் கதை அரண்மனையோடு முடிந்துவிடவும் இல்லை. 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டும்போது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் வந்தன, இலங்கைப் போராளிக் குழுக்கள் இந்தப் பக்கம் இருந்த காலத்தில் புதைத்தவை என்றார்கள். உப்புக் காற்றில் துருப்பிடித்த அந்தப் பெட்டிகளின் படத்தைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. பேக்கரும்பு கலாம் நினைவிடத்தில் ஏவுகணை மாதிரியைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வதோடு இதையும் சேர்த்து யோசித்தால் பயணத்துக்கு ஒரு கனம் வரும்.

வேறு என்ன? அழகன்குளம் அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளும், பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் துண்டுகளும் இங்கேதான் இருக்கின்றன, கடல் வாணிபத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது தனி விருந்து. கட்டணம் சொற்பம். காலையிலேயே போனால் வெளிச்சம் நன்றாக இருக்கும், ஓவியத்தில் மங்கிப்போன இடங்கள்கூடக் கண்ணுக்குப் பிடிபடும். பெரியவர்களுக்கு மாடிப்படி கொஞ்சம் சிரமம், கீழேயே நிறைய இருக்கிறது. சுவரில் கை வைக்காதீர்கள், பிள்ளைகளையும் வைக்க விடாதீர்கள், முந்நூறு வருஷத்து வண்ணம் அது. விடுமுறை நாளை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பேசியிருந்த வேன்காரர் அரை மணி நேரத்தில் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார், ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடக் கூட்டம் சேர்ந்துவிடும் என்று அவசரப்படுத்தினார். பையன் போர்க் காட்சியை விட்டு நகர மாட்டேன் என்றான், எனக்கும் மனசில்லை. அதனால் வண்டி பேசும்போதே சொல்லிவிடுங்கள்: அரண்மனையில் இரண்டு மணி நேரம் வேண்டும், அதற்குச் சேர்த்து வாடகை பேசிக்கொள்ளலாம் என்று.